கன்றுக்குட்டி பெயரில் வாங்கிய மருந்து

காஜாங்கில் இருக்கும் நம் பழைய வகுப்பு மானிட்டர் போன வாரம் நம் பள்ளித் தோழிகள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி போட்டிருந்தாள். அவள் பூனைக்குப் பல் பிடுங்க வேண்டுமாம். கிளினிக்கில் சொன்ன தொகைக்கு அவளுக்கே ஒரு பல் செட் கட்டிவிடலாமாம். 'மொட்டை அடிக்காத விலங்கு டாக்டர் யாராவது தெரியுமாடி?' என்று கேட்டிருந்தாள். அதற்கு நீங்கள் எல்லோரும் போட்டீர்களே பதில்! ஒருத்தி பூப் படம். ஒருத்தி கும்பிடும் கை. ஒருத்தி 'எல்லாம் நல்லபடியா நடக்கும்'. பூனைக்குப் பல் வலிக்கிறது, நீங்கள் பூப் படம் போடுகிறீர்கள். சுங்கை பூலோக்காரி மட்டும் ஒரு கிளினிக்கின் பெயரைச் சொன்னாள். விசாரித்தால் அது மூடி மூன்று வருஷம் ஆகிறது.

நான் அன்று பதில் போடவில்லை. கைப்பேசியில் கட்டை விரலால் எழுதினால் எனக்குக் கோபமாகத்தான் எழுத வரும், உங்களுக்குத் தெரியும். அதனால் காப்பி போட்டுக்கொண்டு, மேசையில் உட்கார்ந்து, தாளில் எழுதுகிறேன். பேரன் படம் பிடித்து அனுப்புவான். மானிட்டருக்கு நான் சொல்ல வேண்டியது என்னவோ இரண்டே வரிதான். ஆனால் அந்த இரண்டு வரி எங்கள் வீட்டுக்குப் புரிய ஒரு நாயின் உயிர் ஊசலாட வேண்டியிருந்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்வேன். பொறுமை இல்லாதவள் பூப் படம் போட்டுவிட்டுப் போகலாம்.

நாம் நாலாம் வகுப்பு முடித்த வருஷக் கடைசி விடுமுறை அது. நவம்பர் பாதியில் பள்ளி மூடினால் ஜனவரியில்தான் திறக்கும். கிள்ளானில் அந்த நாட்கள் முழுக்க மழை. எங்கள் வீடு பலகை வீடு, தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. சாப்பிட வா என்று அம்மா கையைக் காட்டித்தான் கூப்பிடுவாள். வீட்டுக்குப் பின்னால் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பால்கார மாமாவின் மாட்டுக் கொட்டகை. அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டினார். சாயங்காலம் அவர் சட்டையை மோந்து பார்த்தே அன்றைய சரக்கு என்ன என்று சொல்லிவிடுவேன். சீனி, கருவாடு, ரப்பர் ஷீட். சிமெண்டு ஏற்றிய நாளில் மட்டும் தும்மல் வரும்.

எங்கள் நாய் சார்ஜனை உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். சிலரைத் தெருக்கோடி வரை துரத்தியிருக்கிறான். துறைமுக வாசலில் லோரிச் சக்கரத்துக்கு அடியில் குட்டியாகப் படுத்திருந்தவனை அப்பா தூக்கி வந்தார். உடம்பெல்லாம் பழுப்பு, முன்னங்காலில் மட்டும் மூன்று வெள்ளைக் கோடு, போலீஸ்காரர் கைப்பட்டை மாதிரி. அதனால் சார்ஜன். எங்கள் தெரு முனையில் நிஜமான போலீஸ் சார்ஜன் ஒருவர் குடியிருந்தார். அம்மா வாசலில் நின்று "டேய் சார்ஜன், கஞ்சி குடிக்க வாடா" என்று கத்தும்போது அவர் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த விடுமுறை தொடங்கிய வாரம் சார்ஜனுக்குக் காதோரம் முடி கொட்ட ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தால் உண்ணி. கொட்டகையில் மாடுகளோடு படுத்துப் படுத்து வாங்கி வந்தது. காதுக்குள், கழுத்தில், விரல் இடுக்கில் எல்லாம் கொத்துக் கொத்தாக இருந்தது. சொறிந்து சொறிந்து முதுகே புண்ணாகிவிட்டது. அம்மா வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினாள். அவன் அதை நக்கித் தின்றான். பிறகு அப்பா மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தார். லோரியில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் போட்டுத்தான் எடுப்பார், அதே கணக்கு. புண்ணில் பட்டால் எரியுமே என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. சார்ஜன் கத்திய கத்தலில் கொட்டகை மாடெல்லாம் எழுந்து நின்றுவிட்டது. அப்பா துணியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றார். எனக்கு அன்று அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அன்று சாப்பிடும்போதுதான் அப்பா அந்தப் பேச்சை எடுத்தார்.

"ஸ்கூல் தொறக்கிறதுக்குள்ள இவனுக்குச் சரியாவலன்னா முனிசிபல் ஆளுங்ககிட்ட குடுத்துடுவேன். புள்ளைக்கு ஒட்டிக்கிச்சின்னா என்னா பண்றது?"

முனிசிபல் வண்டியில் ஏறிய நாய் எதுவும் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்ததில்லை. அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எழுந்து போய் மளிகைக்கடை கொடுத்த நாள்காட்டியின் கடைசித் தாளின் ஓரத்தை மடித்து வைத்தேன், அது கிழிந்த கையோடு பள்ளி திறந்துவிடும். தினம் ஒரு தாள் கிழித்ததும் மடித்த தாளுக்கு இன்னும் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பேன்.

அப்பா சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். லோரி முதலாளி வீட்டு நாய் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டாக்டரிடம் போகிறது என்று விசாரித்து வந்தார். முதலாளி நாய் போகிற இடம் என்றால் நல்ல டாக்டராகத்தான் இருப்பார் என்பது அப்பாவின் முடிவு. டாக்டரைத் தேர்ந்தெடுத்த விதம் அவ்வளவுதான். கோலாலம்பூருக்குச் சரக்கு ஏற்றிப் போன ஒரு நாள், சார்ஜனையும் என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். சார்ஜனுக்கு லோரி என்றால் உயிர். புண்ணோடு புண்ணாக ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு, எதிரில் வந்த எல்லா வண்டியையும் திட்டிக்கொண்டே வந்தான்.

அந்த டாக்டர் வயதான சீனர். தரையெல்லாம் வெள்ளை ஓடு பதித்த அறை. எங்களுக்கு முன்னால் ஒரு பொமரேனியன் துவாலையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, காது குத்தும் குழந்தை மாதிரி. டாக்டர் ஆங்கிலத்தில் மெதுவாக, நல்லபடியாகத்தான் பேசினார். என்ன பேசினார் என்றுதான் எங்களுக்குத் தெரியாது. அப்பா எல்லாவற்றுக்கும் "யெஸ் டாக்டர், யெஸ் டாக்டர்" என்றார். டாக்டர் ஒரு கேள்வியை மூன்று தடவை கேட்டார். அப்பா மூன்று தடவையும் யெஸ் சொன்னார். ஊசி போட்டார்கள், மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள், ஒரு பாட்டில் டானிக், ஒரு களிம்பு, ஒரு சீப்பு கொடுத்தார்கள். கடைசியில் டாக்டர் ஒரு தாளில் ஏதோ எழுதி மடித்து அப்பா சட்டைப்பையில் அவரே வைத்துவிட்டார். கவுண்டரில் அப்பாவின் ஒரு வாரச் சம்பளம் போனது.

திரும்பும் வழியில் அப்பா எப்போதும் வாங்கும் வடையை வாங்கவில்லை. நான்தான் மெதுவாகக் கேட்டேன்.

"முன்னாடியே எவ்ளோ ஆவும்னு கேட்டுருக்கலாம்ல ப்பா?"

"வெலை கேட்டா நம்மள என்னான்னு நெனைப்பாரு? பாசார்ல கத்திரிக்காயா வாங்குறோம்?"

முப்பது வருஷம் ரயில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். விலை கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, பெரிய நோட்டை நீட்டிவிட்டு, மிச்சம் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக் கட்டணத்தைத் தெரிந்துகொள்கிறவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரிடமும் அப்பாவைப் பார்த்தேன். அந்த வயதில் அது எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்குக் கணக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் கொடுத்த தாளை அப்பா நாள்காட்டிக்குப் பின்னால் செருகிவிட்டார். "அடுத்த தடவ வர வேண்டிய நாளு எழுதியிருப்பாரு. போவ வேணாம், தாங்காது" என்றார். நான் ஒரு நாள் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. கிள்ளான் என்ற ஒரு சொல்லை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். நம் ஊர்ப் பெயரை எழுதி வைத்திருக்கிறார் போல என்று மடித்துப் பழையபடி செருகிவிட்டேன்.

சார்ஜன் பத்து நாள் தேறினான். மருந்து தீர்ந்தது, மறுபடியும் உண்ணி ஏறிவிட்டது. நாள்காட்டி மெலிந்துகொண்டே வந்தது. அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பால்கார மாமா அந்த யோசனையைச் சொன்னார். அவர் மாடுகளுக்கெல்லாம் சைக்கிள் தூரத்தில் இருந்த அரசாங்க விலங்கு மருத்துவமனையில்தான் மருந்து. நாங்கள் அதை மாட்டாஸ்பத்திரி என்போம்.

"அங்க நாய்க்கும் பாப்பாங்களாண்ணே?" என்று அப்பா கேட்டார்.

"பாப்பாங்களாட்டம் இருக்கு தம்பி. போர்டுல நாய் படமும் போட்டுருக்கு. ஆனா டாக்டர் மலாய்க்காரரு. அஞ்சு வேள தொழுவுற மனுசன், அவங்களுக்கு நாயத் தொட ஆவாது. அவரு மேசைல நாயத் தூக்கி வெக்க எனக்கு மனசு வராதுப்பா."

"சேச்சே! நல்லா இருக்காதுண்ணே."

"கேட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் அம்மா, துணி காயப்போட்டபடியே.

"கேக்குறதே தப்புலா" என்றார் அப்பா. "மாட்டேன்னு சொல்லவும் அவருக்குச் சங்கடம், சரின்னு சொல்லவும் சங்கடம். நல்ல மனுசனப் போயி எதுக்கு அப்படி நிக்க வெக்கணும்?"

உண்மையிலேயே மரியாதைதான். இரண்டு பேரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த மரியாதை, அடுத்து எங்கே போய் நின்றது பாருங்கள். மாமா கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"ஒண்ணு செய்வோம். நாய்னு சொன்னாத்தானே? நம்ம கன்னுக்குட்டிக்குன்னு கேட்டு வாங்கியாறேன். உண்ணி மாட்டுல இருந்தா என்னா, நாயில இருந்தா என்னா, ஒரே உண்ணிதானே!"

அப்பாவுக்கு அது பெரிய மூளையாகத் தெரிந்தது. டாக்டர் எடை கேட்பார் என்று மாமா சொன்னதும், அப்பா சார்ஜனை மூட்டை தூக்குவது மாதிரித் தூக்கிப் பார்த்து, "முப்பது காத்தி இருப்பான்" என்றார், கிலோவில் பதினெட்டு. மாமா முப்பது காத்தி, முப்பது காத்தி என்று முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளில் ஏறினார்.

திரும்பி வந்து அவர் சொன்னதை அம்மா சாகும்வரை சொல்லிச் சிரித்தாள். எடையை மனப்பாடம் பண்ணிப் போனவர் வயதை யோசிக்கவில்லை. டாக்டர் கன்றுக்கு என்ன வயது என்று கேட்டதும், வாயில் வந்தது சார்ஜனின் வயது. ரெண்டு வருஷம் என்றிருக்கிறார். ரெண்டு வயசு, முப்பது காத்தியா என்று டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டாராம். "நோஞ்சான் துவான்" என்று ஐயா போட்டுச் சமாளித்துவிட்டு வந்திருக்கிறார் நம்ம ஆள்.

ஒரு பொட்டலம் வெள்ளைத் தூள். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கரண்டி கரைத்து உடம்பில் ஊற்ற வேண்டும். டாக்டர் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார். மருந்து போட்ட அன்று முழுக்கக் கன்றைத் தாய்ப்பசுவிடம் விடாதே, நக்கிவிடும், நக்கினால் விஷம் என்று சொல்லியிருந்தார்.

"நம்ம சார்ஜனுக்குத் தாய் எங்க இருக்கு?" என்று அப்பா சிரித்தார். மாமாவும் சிரித்தார். அந்த ஒரு எச்சரிக்கை எங்களுக்குத் தேவையில்லை என்று முடிவாகிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. மழை விட்டு வெயில் அடித்த காலை. அப்பாவுக்கு மத்தியானம்தான் லோரி. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் சார்ஜனை நிற்கவைத்து வாளியோடு ஊற்றினோம். பூண்டும் பெட்ரோலும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். உண்ணியெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் மடித்து வைத்த தாளின் ஓரத்தை நிமிர்த்திவிட்டு வந்தேன். சார்ஜன் வெயிலில் படுத்துக்கொண்டு, காலிலிருந்து ஆரம்பித்து, உடம்பு முழுக்க நன்றாக நக்கிச் சுத்தம் பண்ணிக்கொண்டான்.

ஒரு மணி நேரத்தில் அவன் வாயிலிருந்து எச்சில் ஒழுக ஆரம்பித்தது. பிறகு நுரை. பின்னங்கால் விறைத்துக்கொண்டது. உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்தின கத்தலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த மாமா, சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்.

அங்கே போயும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. "கன்னு நடுங்குது துவான், வாயில நொர தள்ளுது" என்றுதான் சொல்லியிருக்கிறார். டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு, மாமாவையும் சைக்கிளையும் அரசாங்க லேண்ட்ரோவரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வண்டி நேராகக் கொட்டகை வாசலில் நின்றது. டாக்டர் ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. உள்ளே போனார். மாமாவின் கன்று நிம்மதியாக வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. டாக்டர் அதன் வாயைப் பிரித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "மானா ஆனாக் லெம்பு?" என்றார். எங்கே அந்தக் கன்று என்று கேட்கிறார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். வேலிக்கு இந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார். இரண்டு பெரிய மனுஷர்கள், வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி. என் மடியில் சார்ஜனுக்குக் கண் மேலே செருகிக்கொண்டிருக்கிறது.

"சினி துவான்! சினி! இங்க வாங்க!" என்று கத்தினேன். "கன்னுக்குட்டி இல்ல! அஞ்சிங்! நாய்!"

டாக்டர் என்னைப் பார்த்தார். பையை வேலிக்கு மேலே தூக்கிப் போட்டார். அந்த வெள்ளைச் சட்டையோடு வேலியைத் தாண்டிக் குதித்தார். சேற்றில் முட்டிபோட்டு உட்கார்ந்து, வெறும் கையால் சார்ஜனின் வாயைப் பிரித்து நுரையை வழித்து எறிந்தார்.

"துவான், வேணாம், கை..." என்று அப்பா பதறினார்.

"தண்ணி! சோப்பு!" என்று டாக்டர் மலாயில் அதட்டினார். "மருந்தையெல்லாம் கழுவு! சீக்கிரம்!"

அம்மா கிணற்றடிக்கும் கல்லுக்குமாக ஓடினாள். டாக்டர் ஒரு ஊசி போட்டார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்து இன்னொன்றும் போட்டார். அப்பா சோப்புத் தண்ணீரில் முழங்கை வரை நனைந்து சார்ஜனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நுரை நின்றது. பிறகு நடுக்கம் குறைந்தது. சார்ஜன் பெருமூச்சு விட்டு, என் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டான். "ஹீடுப்" என்றார் டாக்டர். பிழைத்துக்கொண்டான் என்று அர்த்தம். அம்மா கல்லின் மேல் உட்கார்ந்து அழுதாள். அந்த நாயைத் தினம் திட்டியவள் அவள்தான்.

டாக்டர் எழுந்து, ஈரமான இரண்டு கையையும் உடம்பில் படாமல் நீட்டிக்கொண்டு, அம்மாவிடம் மலாயில் ஏதோ கேட்டார். அம்மா காப்பாரில் மலாய்க்காரர் கம்பத்து வீடுகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"மண்ணு கேக்குறாருங்க. நாய் ஈரம் பட்டா ஏழு தடவ கழுவணும், அதுல ஒரு தடவ மண்ணு கரைச்ச தண்ணியில. சுத்தமான மண்ணா இருக்கணும்."

சுத்தமான மண்! எங்கள் வாசலில் அதற்கு எங்கே போவது? டாக்டர் வாழை மரத்தடியைக் காட்டி, நாய் அங்கே போகுமா என்றார். போகும் என்றோம். வேலி ஓரம்? அங்கேதான் காலைத் தூக்குவான். கறிவேப்பிலைத் தொட்டி? அதில் சாணி போட்டிருக்கிறது என்று அம்மா ஒப்புக்கொண்டாள். சாணியும் ஆகாதாம். மாமா வீட்டு மண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அங்கே மண்ணே சாணிதான். மூன்று பெரியவர்களும் வாசலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அந்த வளாகத்தில் சார்ஜன் காலடி படாத இடம் ஒரு சாண் இல்லை.

எனக்குத் தெரியும், ஒரு இடம் இருந்தது. சமையலறை ஜன்னல் மேல் தட்டில், பால்பவுடர் டின்னில், பள்ளித் திடலிலிருந்து எடுத்து வந்த மண். அதில் என் பச்சைப்பயறு. நம் டீச்சர் கொடுத்த விடுமுறைப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? பயறு முளைக்கவிட்டுத் தினமும் படம் வரைந்து வர வேண்டும். வரையாதவளுக்கு என்ன கிடைக்கும் என்பதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். என் பயறு நாலு விரல் உயரம் வந்து, இரண்டு இரண்டு இலை விட்டிருந்தது. நான் நாற்காலி போட்டு ஏறி, டின்னை இறக்கி, வாசலுக்குக் கொண்டுபோய், அவர் முன்னாலேயே பயறையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு மண்ணை நீட்டினேன்.

டாக்டர் பிடுங்கிக் கிடந்த செடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொஞ்சம் மண்ணை எடுத்துத் தண்ணீரில் குழைத்து முழங்கை வரை தேய்த்தார். நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற, சத்து, டுவா, தீகா என்று எண்ணிக்கொண்டே கழுவினார். ஏழு ஆனதும் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, பலகையில் உட்கார்ந்து, அப்பாவைக் கூப்பிட்டார்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

அப்பா உடைந்த மலாயில் சொன்னார். "மரியாதைக்காகத்தான் துவான். உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு..."

"மரியாதைன்னா என்னைக் கேட்டிருக்கணும்" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. "என் பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்களே. வாரா வாரம் நாய் பாக்குறேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி குழாய்கிட்ட மண்ணு வெச்சிருக்கு. தொட்டாக் கழுவணும், கழுவிட்டாச் சரி. இதுல என்ன சங்கடம்? உங்க கூச்சத்துல ஒரு உயிரு போயிருக்கும்."

அப்பா, முன்பே வேறு டாக்டரிடம் காட்டினோம் என்று நிரூபிக்கிற மாதிரி உள்ளே ஓடி, நாள்காட்டிக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் பிரித்துப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது எனக்கு எழுதின கடிதம்."

பிரிக்ஃபீல்ட்ஸ் டாக்டர் எழுதியிருந்ததை அவர் வரி வரியாக மலாயில் சொன்னார். கிள்ளான் அரசாங்க டாக்டருக்கு. இந்த நாயை வாரம் ஒரு முறை மருந்தில் குளிப்பாட்ட வேண்டும். இவர்களுக்கு இவ்வளவு தூரம் வருவது சிரமம், செலவும் தாங்காது என்று நினைக்கிறேன், கேட்டால் எல்லாவற்றுக்கும் யெஸ் என்கிறார். தயவுசெய்து உங்கள் இடத்திலேயே பார்த்துக்கொள்ளவும்.

நாங்கள் மொட்டை அடித்தவர் என்று மூன்று வாரமாகத் திட்டிக்கொண்டிருந்த மனுஷன் அவர். அவர் அப்பாவின் பையில் வழியையே வைத்து அனுப்பியிருக்கிறார். அது எங்கள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தது அம்மாதான். அப்புறம் மாமா. அப்பா ரொம்ப நேரம் கழித்து, தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

டாக்டர் கிளம்பும்போது, வாரா வாரம் சனிக்கிழமை சார்ஜனைக் கூட்டி வரச் சொன்னார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு டாக்டரிடம் கேட்டார்.

"எவ்ளோ ஆவும் துவான்?"

டாக்டர் சொன்னார். அது அப்பாவின் ஒரு நாள் சம்பளத்துக்கும் கீழே. பிறகு அப்பா பிரிக்ஃபீல்ட்ஸ் டானிக்கின் காலி பாட்டிலை எடுத்துவந்து காட்டி, இது இன்னும் கட்டாயமா துவான் என்று கேட்டார். வேண்டாம், வாரத்துக்கு இரண்டு முட்டை போடு போதும் என்றார் டாக்டர். ஒரு தடவை வாயைத் திறந்ததும் அப்பாவுக்குக் கேள்வி கேட்பது பிடித்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு மளிகைக்கடைக்காரரைக்கூட அவர் விடவில்லை.

மூன்று சனிக்கிழமை போனோம். ஒவ்வொரு தடவையும் நான் பால்பவுடர் டின்னில் மண் கொண்டுபோனேன், சார்ஜன் போகாத பள்ளித் திடல் மண். அங்கே மண் இருக்கிறது, தேவையில்லை என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. அவரும் வாங்கிக் குழாய்க்குப் பக்கத்துத் திட்டில் வைத்துக்கொண்டு, அதிலிருந்துதான் எடுத்தார். இரண்டாவது சனிக்கிழமை பார்த்தால், முதல் டின்னில், அந்தப் பழைய பயறு மண்ணில், நான் பிடுங்காமல் விட்ட ஒரு பயறு முளைத்திருந்தது. அதைச் சுற்றியே மண் எடுத்திருந்தார், செடியைத் தொடவில்லை. அங்கேயே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டேன். டீச்சரிடம் நான் காட்டிய படம் மாட்டாஸ்பத்திரிச் செடிதான், இப்போது சொல்லிவிட்டேன், போய்ச் சொல்லிக்கொடுங்கள்.

மானிட்டர், உனக்கான இரண்டு வரி இதுதான். வேறு டாக்டர் தேடி அலையாமல் அதே கிளினிக்குக்குத் திரும்பிப் போய், 'டாக்டர், என்னால இவ்வளவுதான் முடியும். எது இப்பவே செய்யணும், எது தள்ளிப் போடலாம், கொறஞ்ச செலவுல பாக்குற எடம் வேற இருக்கா?' என்று கேள். அவர் பதிலை நீயே சொல்லிவிடாதே. பதில் சொல்லச் சங்கடப்படுகிற டாக்டராக இருந்தால், அப்போது வேறு டாக்டர் பார்ப்போம், நானும் கூட வருகிறேன்.

கடைசிச் சனிக்கிழமையை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். பள்ளி திறக்க இரண்டு நாள். சார்ஜனுக்கு முதுகெல்லாம் புது முடி. டாக்டர் காது, விரல் இடுக்கு எல்லாம் பார்த்துவிட்டு, இனிமேல் வர வேண்டாம் என்றார். முனிசிபல் வண்டிப் பேச்சு அன்றோடு முடிந்தது. அப்பா அதை நேராகச் சொல்லவில்லை. சார்ஜனின் கழுத்தில் கையை வைத்து, "நாளைலேர்ந்து லோரில வேல, தெரியுமில்ல" என்றார். எனக்குப் பறக்கலாம் போல இருந்தது. டாக்டர் பின்னால் போய் மண் போட்டுக் கழுவி, ஏழு தடவை எண்ணி, துடைத்துக்கொண்டு, அட்டையில் எழுத வந்து உட்கார்ந்தார். அன்று அவர் தொழுகைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்.

சார்ஜன் எங்கள் மூன்று பேரைத் தவிர யாரிடமும் ஒட்டாதவன். அவன் மேசைமேல் முன்னங்காலை வைத்து எழுந்தான். டாக்டரின் கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, நிதானமாக, ஒரே இழுப்பில் நக்கினான்.

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாஃப் துவான்! மாஃப்!" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சார்ஜனை இழுத்தார்.

டாக்டர் ஈரமான கையைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். சார்ஜனின் தலையில் அந்தக் கையையே வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, எங்கள் வீட்டு வாசலில் அன்று கற்றுக்கொண்ட தமிழில் கேட்டார்.

"பாப்பா, மண்ணு இருக்கா?"

அரை டின் இருந்தது.